விளக்கு வைக்கும் நேரம்



சென்ற அக்டோபர் மாதம், செபமாலை மாதத்தின் நடுப்பகுதி. காலைத் திருப்பலி முடிந்து நாம் பூசை உடுப்புகளைக் களைந்துகொண்டிருந்தபோது, பீடத்திற்குப் பின்னறையின் வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த கைப்பேசியை அவிழ்த்து மேசைமீது வைத்தார்.

"சாமி, இதைக் கொஞ்சம் மந்திரிச்சுக் குடுங்க. வீட்டுக்குள்ள பேய் புகுந்த மாதிரி இருக்கு" என்றார்.

குருத்தோலையை மந்திரித்திருக்கிறோம், எண்ணெயை, உப்பை, கிணற்றை, புதிதாக வாங்கிய ஏர்மாட்டைக்கூட மந்திரித்திருக்கிறோம். கைப்பேசியை மந்திரிக்கக் கேட்டு வந்தவர் இவர் ஒருவரே. முதலில் நமக்குச் சிரிப்பு வந்தது உண்மை. காரணத்தைக் கேட்டபின் சிரிப்பு நின்றுபோயிற்று.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமியில் அக்குடும்பத்திற்குச் சிறிது நிலம் உண்டு. கணவர் வடநாட்டில் முறுக்குப் போடும் தொழிலுக்குப் போயிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன் மிளகாய் விதைக்கும் உழவுக் கூலிக்கும் என்று அவர் அனுப்பிய பணம், தாயின் வங்கிக் கணக்கில் இருந்தது. உழவு ஓட்டிய டிராக்டர்காரருக்குக் கைப்பேசி வழியே பணம் அனுப்ப முயன்றபோதுதான் 4,800 ரூபாய் குறைவது தெரியவந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன், கைப்பேசியில் சுட்டு விளையாடும் ஒரு விளையாட்டில், தன் பொம்மை வீரனுக்குத் துப்பாக்கியும் சட்டையும் வாங்கச் சிறிது சிறிதாக அதைச் செலவழித்திருந்தான். தாய்க்கு அந்தக் கணக்கை இயக்கக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். இரகசிய எண்ணும் அவனுக்குத் தெரியும்.

அச்சிறுவன் நமக்குப் பூசை உதவி செய்கிறவன். பீடத்தருகே தூங்கி விழுந்ததற்காக இருமுறை அவனைக் கடிந்துகொண்டதுண்டு. ஏன் தூங்குகிறாய் என்று ஒருமுறையேனும் கேட்டோமில்லை. தாயும் மகனும் இசைவு தந்திருப்பதாலேயே இதனை இங்கு எழுதுகிறோம்.

அன்று மாலை செபமாலை முடிந்தபின் அவனைத் தனியே அழைத்துப் பேசினோம். திட்டுவோம் என்று எதிர்பார்த்து வந்தவன், திட்டாததைக் கண்டு மெல்ல வாய் திறந்தான்.

"ஒரு ஆட்டம் ஆடிட்டுப் படுத்துரலாம்னுதான் சாமி எடுப்பேன். அது முடியவே முடியாது. ஒன்னு முடிஞ்சா அடுத்தது வந்துரும். நடுவுல விட்டா கூட ஆடுற மூணு பேரும் தோத்துருவாங்க" என்றான்.

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "நீங்க ராத்திரி எத்தனை மணிக்கு சாமி போனக் கீழ வைப்பீங்க?" என்று கேட்டான்.

அவன் நம்மை எள்ளவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான். இரவுச் செபத்திற்குப் பின்னும் பதினொரு மணிவரை எதையேனும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு உடனே விடை வரவில்லை. இம்மாதச் சிந்தனை அச்சிறுவனின் கேள்வியிலிருந்து பிறந்தது.

நிற்க. இச்சாதனங்களைத் திரு அவை என்றும் பேயென்று விரட்டியதில்லை. 1936-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் திரைப்படத்தைப் பற்றித் தனியே ஒரு சுற்றுமடல் எழுதினார். 1957-ல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் பற்றி மற்றொரு மடல் எழுதினார். பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டை வெளியிட்டது. திருவழிபாடு பற்றிய புகழ்பெற்ற ஏடு வெளிவந்ததும் அதே நாளில்தான் என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை. பீடத்தைப் பற்றியும் வீட்டுத் திண்ணையைப் பற்றியும் சங்கத் தந்தையர் ஒரே நாளில் பேசினார்கள். இச்சாதனங்கள் மனித அறிவின் வழியாக இறைவன் தந்த கொடைகள் என்றார்கள். தீங்கானவை வீட்டிற்குள் நுழையாதபடி காப்பது பெற்றோரின் கடமை என்றார்கள். இளைஞர் அளவறிந்து பயன்படுத்தவும், கண்டதையும் கேட்டதையும் பற்றிப் பெரியோருடன் உரையாடவும் பழகவேண்டும் என்றார்கள்.

ஆனால் சங்கத் தந்தையர் அவ்வாறு எழுதிய காலத்தில் வீட்டிற்கு ஒரு வாசற்படி இருந்தது. எது உள்ளே வருகிறது என்பதைப் பெற்றோர் பார்க்க முடிந்தது. நம் கரிசற் சீமையில் நடந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதலில் பஞ்சாயத்து வானொலி வந்தது. வேப்பமரத்தடியில் ஊரே கூடிக் கேட்டது. பிறகு கீற்றுக் கொட்டகையில் சினிமா வந்தது. மணலைக் குவித்து உட்கார்ந்து தெருவே கூடிப் பார்த்தது. 2006-ல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியபின், ஓலைவீட்டுக்குள்ளும் அப்பெட்டி நுழைந்தது. குடும்பம் கூடிப் பார்த்தது. 2011 முதல் மாணவருக்கு இலவச மடிக்கணினி வந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடத்திற்காகக் கைப்பேசி வந்தது. கடன்பட்டேனும் பிள்ளைக்கு ஒன்று வாங்கிக்கொடுங்கள் என்று பீடத்திலிருந்து சொன்னவர்களுள் நாமும் ஒருவர். அது தவறென்று இன்றும் கருதவில்லை. ஆயினும் பள்ளிகள் திறந்தபின் அக்கைப்பேசியை என்ன செய்வது என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை.

ஊர் கூடிக் கேட்டது, தெரு கூடிப் பார்த்ததாயிற்று. தெரு பார்த்தது, வீடு பார்த்ததாயிற்று. இன்று போர்வைக்குள் ஒரு பிள்ளை தனியே பார்க்கிறது. ஆகவே வாசற்படியில் நின்று காத்தால் போதாது. எதைத் தேர்ந்துகொள்வது என்பதற்குச் சில அளவுகோல்கள் வேண்டும். மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதற் கேள்வி: இந்த ஆட்டம் முடிகிறதா?

நம் முன்னோரின் விளையாட்டுகள் எல்லாம் முடிந்தன. பல்லாங்குழியில் ஒருவர் பக்கத்துக் காய்கள் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. ஆடுபுலி ஆட்டத்தில் 15 ஆடுகள் சேர்ந்து 3 புலிகளை அடைத்துவிட்டால் ஆட்டம் தீர்ந்தது. கிட்டிப்புள்ளும் சடுகுடுவும் பொழுது சாய்ந்தால் தீர்ந்தன. கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்தான் நம் பிள்ளைகளின் மைதானம். ஆலயத்தில் மாலை மணி ஒலிக்கும். வீட்டில் விளக்கு வைப்பார்கள். தாய் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். புழுதிக் காலோடு ஓடிவந்த பிள்ளை, கால் கழுவிச் செபத்திற்கு உட்காரும். விளையாட்டே பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிற்று.

இன்றைய கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் அந்த முடிவே இல்லை, இல்லாதபடி செய்திருக்கிறார்கள். நாள்தோறும் வருகிறவனுக்குப் பரிசு. ஒருநாள் வராதவனுக்கு இழப்பு. கூட ஆடுகிறவர்களை விட்டுப் போனால் பழி. ஒன்று முடியுமுன் அடுத்ததற்கு அழைப்பு. உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லாமலே விற்கப்படும் பரிசுப் பெட்டிகளும் உண்டு. அடுத்த பெட்டியில் இருக்குமோ என்ற ஆசையே அவற்றின் வியாபாரம். நம் பூசைப் பையன் சொன்னது சாக்குப்போக்கு அன்று. அவ்விளையாட்டின் அமைப்பையே அவன் சரியாகச் சொல்லிவிட்டான்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் இத்தகைய விளையாட்டு அடிமைத்தனத்தை ஒரு நோயாகச் சேர்த்திருக்கிறது. அப்பதிப்பு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தன்னைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றிலும் விளையாட்டே முதன்மை பெறுதல், தீங்கு கண்டும் விடாதிருத்தல் ஆகியவை பெரும்பாலும் ஓராண்டளவு நீடித்தால்தான் அதனை நோயென்று மருத்துவர் கொள்வர். எனவே விளையாடும் ஒவ்வொரு பிள்ளையும் நோயாளி என்று அஞ்சவேண்டா. அதே வேளையில், இம்மூன்றும் உள்ள பிள்ளையை அடித்துத் திருத்தவும் முற்படவேண்டா; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாம் கேள்வி: இதில் யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போகிறது?

நம் மாநிலம் இப்பாடத்தை முன்பே ஒருமுறை படித்தது. 1968-ல் அரசே பரிசுச்சீட்டைத் தொடங்கிற்று. 2003 சனவரியில் தமிழக அரசு எல்லாப் பரிசுச்சீட்டுகளையும் தடை செய்தது. சீட்டுக்குக் கூலியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தகப்பன்மாரை இன்னும் நினைவு வைத்திருக்கும் தாய்மார் நம் ஊர்களில் உண்டு.

பின்னர் அது கைப்பேசிக்குள் வேறு உருவில் வந்தது. பணம் கட்டி ஆடும் ரம்மியால் கடன்பட்டுச் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தபின், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022-ல் தமிழக அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன்பின் இயற்றிய சட்டத்திற்கு 2023 ஏப்ரலில்தான் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை, தடை அவற்றுக்குப் பொருந்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-ல் அரசு புதிய விதிகள் வகுத்து, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை அவ்விளையாட்டுகளை ஆடலாகாது என்றது. அவ்விதிகள் செல்லும் என்று அந்நீதிமன்றமே 2025 சூனில் கூறிற்று. தாய் வைக்கத் தவறிய விளக்கை அரசு வைக்கவேண்டியதாயிற்று! 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றிற்று.

நல்லதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் சிறுவன் பணயம் வைத்து ஆடவில்லை. அவன் துப்பாக்கியும் சட்டையும் வாங்கினான்; அது பந்தயம் அன்று, விற்பனை. 2020 செப்டம்பரில் பப்ஜியையும், 2022 பிப்ரவரியில் ஃபிரீ ஃபயரையும், நாட்டின் பாதுகாப்பைக் காரணங்காட்டி மத்திய அரசு தடை செய்தது. நம் பிள்ளைகள் விளையாட்டை விட்டார்களா? வேறொன்றுக்கு மாறினார்கள். சட்டம் ஊர் எல்லையில் நிற்கும் காவலாளி; அடுப்படிவரை அது வராது. அடுப்படிவரை வரக்கூடியவர்கள் பெற்றோரே.

மூன்றாம் கேள்வி: இதை யாரோடு சேர்ந்து ஆடுகிறான், யாரோடு சேர்ந்து பார்க்கிறாள்?

ஆண்டவர் எருசலேமைப் புதுப்பிக்கும் நாளை இறைவாக்கினர் செக்கரியா நமக்குக் காட்டுகிறார். முதியோர் கோலூன்றித் தெருக்களில் அமர்ந்திருப்பர். அத்தெருக்கள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருக்கும். மீட்படைந்த நகரத்தின் அடையாளமாக இறைவாக்கினர் கண்டது கோட்டையையும் கொத்தளத்தையும் அன்று. பெரியோரின் கண்ணெதிரே விளையாடும் பிள்ளைகளை! நம் ஆண்டவரும் சந்தைவெளியில் குழலூதியும் ஒப்பாரி வைத்தும் விளையாடும் சிறுவரைக் கூர்ந்து நோக்கியவர். அதனாலன்றோ அதை உவமையாக எடுத்துப் பேசினார்.

புனித தொன் போஸ்கோ தூரின் நகரத் தெருச்சிறுவரைச் சேர்த்தபோது, செபக்கூடத்தோடு விளையாட்டு மைதானத்தையும் அமைத்தார். ஆசிரியரும் குருக்களும் ஓரத்தில் நின்று மேற்பார்வை இடாமல், நடுவில் இறங்கிப் பிள்ளைகளோடு ஓடவேண்டும் என்று விரும்பினார். 2025 செப்டம்பர் 7-ல் திருத்தந்தை 14-ஆம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அகுதிஸ், கணினியில் வல்லவர். நற்கருணைப் புதுமைகளைப் பற்றி இணையதளம் அமைத்தவர். 2006-ல் தம் 15-ஆம் வயதில் இறந்தார். அவருக்கும் காணொளி விளையாட்டில் விருப்பம் இருந்தது. வாரத்திற்கு ஒரு மணி நேரமே ஆடுவது என்று தமக்குத் தாமே அளவு வைத்துக்கொண்டார். விளையாட்டை வெறுத்ததால் அன்று; எதற்கும் அடிமையாக விரும்பாததால். தமக்கு உரிமை உள்ள ஒன்றுக்கும் தாம் அடிமைப்படுவதில்லை என்று கொரிந்து நகரத்தாருக்குத் திருத்தூதர் எழுதியதும் இதுவே.

இனி, நடைமுறைக்கு வருவோம். திரைப்படச் சான்றிதழில் 'யு/ஏ' என்ற பிரிவு 2024 முதல் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது; படம் தொடங்கும்போதே அதைக் காணலாம். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் எத்தனை வயதுக்கு மேற்பட்டோர்க்கு ஏற்றது என்று குறித்திருப்பார்கள். அங்கு எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துக்கொள்ளலாம். வங்கி இரகசிய எண் பிள்ளை அறியாததாக இருக்கட்டும்; நமக்குத் தெரியாதென்றால் வங்கிக்குச் சென்று கற்றுக்கொள்வோம். பிள்ளையிடம் கற்க வெட்கப்படவேண்டா. ஆனால் சாவியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடவும் வேண்டா. புதிதாக ஒரு விளையாட்டைப் பிள்ளை கேட்டால், ஒருமுறை அருகமர்ந்து அதை ஆடக் கற்றுக்கொள்ளுங்கள். அரைமணி நேரத்தில் மேற்சொன்ன மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

இவை எல்லாவற்றிலும் கடினமான ஒன்று உண்டு. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது தறிகள் ஓடும் அருப்புக்கோட்டையில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாவு நூல் இற்றுப்போயிருந்தால் ஊடை நூலைக் குறைசொல்லிப் பயனில்லை. விளக்கு வைத்தபின் தாய் தொடருக்குள்ளும், தகப்பன் சிறு காணொளிகளுக்குள்ளும், பங்குச்சாமி தம் அறையில் தம் கைப்பேசிக்குள்ளும் மூழ்கியிருக்க, பிள்ளையை மட்டும் வெளியே வா என்று எப்படி அழைப்பது? அழைக்கும் குரல் வாசலில் நிற்கும் ஒருவருடையதாக இருக்கவேண்டும்.

அக்கைப்பேசியை மந்திரித்தோமா என்று கேட்பீர்கள். மந்திரித்தோம். முதலில் தாயை, பிறகு மகனை, கடைசியில் அதனை. வீட்டில் இயேசுவின் திரு இருதயப் படத்தின் கீழ் ஒரு சிறு பலகை உண்டு. இரவு 9 மணிக்குமேல் தாயின் கைப்பேசி விடியும்வரை அப்பலகையில் இருக்கவேண்டும். தாயும் அதை எடுக்கலாகாது என்பது ஏற்பாடு. நம் கைப்பேசி அதே நேரத்தில் பீடத்திற்குப் பின்னறை அலமாரிக்குள் போகவேண்டும் என்பது மகன் வைத்த நிபந்தனை. அவசர அவஸ்தைப்பூசுதலுக்கு அழைப்போர்க்கு ஆலயத்தை அடுத்த உபதேசியார் வீட்டு எண்ணை அறிவித்திருக்கிறோம்.

கோவிலில் இரவு 9 மணிக்கு இப்போது ஒரு மணி ஒலிக்கிறது. அடிப்பவன் அவனே, வீடு கோவிலுக்கு மூன்றாம் வீடு. அடித்துவிட்டுப் பின்னறை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போவான். இந்த நான்கு மாதங்களில் அவன் இருமுறை தவறினான். தாயே வந்து சொன்னார். நாமும் தவறினோம், மும்முறை. ஒருமுறை அவன் வெறும் அலமாரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். மறுநாள் பூசையில் அவன் முகத்தைப் பார்க்க நமக்குக் கூச்சமாக இருந்தது.

மறைக்கல்வி முடிந்த ஞாயிறுகளில் இளைஞர் சிலர் கோவிலுக்குப் பின்னிருந்த சீமைக்கருவேல முட்களை வெட்டிச் சடுகுடுக் களம் அமைத்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து சிறுவர் வருகிறார்கள். சிறுமியர் தமக்கும் ஒரு களம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வராதவர்கள் இன்னும் பலர். அவர்களுடைய வீட்டுக்கதவை நாம் தட்டவேண்டியிருக்கிறது.

அந்த 4,800 ரூபாய் திரும்பவில்லை. அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கித் தாய் விதைத்தார்; விடுமுறை நாள்களில் மகன் உடன் நின்று களை பறித்தான். இத்தவக்காலத்தில் அவர்கள் களத்தில் மிளகாய் சிவந்து காய்கிறது. அதில் ஒரு மூட்டை விற்றுக் கைமாற்றை அடைத்துவிட்டதாகப் போன வாரம் தாய் வந்து சொன்னார்.

இவ்வாண்டுத் தவக்காலத்தில் இறைச்சியை ஒறுக்கும் குடும்பங்களே, இரவு 9 மணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு விதிக்குமுன் நமக்கு விதித்துக்கொள்வோம். ஆட்டம் தானாக முடியாத காலத்தில், பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு வாசலில் ஒருவர் நிற்கவேண்டும். அவர் யார் என்று ஒவ்வொரு வீடும் இன்றிரவே சிந்திக்குமாக.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.